வட்டப் பொத்தான்கள்

எங்கள் இடைவாரில்
வெள்ளிப் பொத்தான் வட்டமென்றால் மணமாகாதவள்.
சதுரமென்றால் ஆனவள்.
ஈஸ்டர் வாரம், கௌதொகெய்னோ தேவாலய வாசலில்
யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.
இடுப்பைப் பார்த்தால் போதும்.

எத்தனை துருவமான் வைத்திருக்கிறாய் என்று கேட்பது
இங்கே மரியாதைக் குறைவு,
பணப்பையைத் திறந்து காட்டச் சொல்வது போல.
எத்தனை வருஷம் தனியாகவே இருப்பாய் என்று மட்டும்
தாராளமாகக் கேட்கலாம்.
கேட்டார்கள்.
நாற்பத்தொரு வயது, இருபத்திரண்டு வட்டங்கள்.
"ரவ்னாவுக்கு எல்லாம் இருக்கு, ஆள்தான் இல்லை."
இல்லாத ஆள் அப்போது என் சமையலறையில்
காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒட்வெய் கடலோரத்துக்காரி.
மூன்று தலைமுறைக்கு முன் அவள் வீட்டார்
எங்கள் மொழியை விடுதிப் பள்ளியில் கழற்றி வைத்தார்கள்,
திரும்ப எடுத்துக்கொள்ள யாரும் விடவில்லை.
முப்பத்தெட்டு வயதில் அவள்
குளிர்பெட்டிக் கதவில் வினைச்சொற்களை ஒட்டி வைத்து
பல் துலக்கியபடியே படிக்கிறாள்.

எங்கள் மொழியில் அவன் இல்லை, அவள் இல்லை.
சொன். அவ்வளவுதான்.
"சொன் வந்தாச்சா?" "சொன் தூங்குது."
பதினொரு வருஷம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்
குடியிருந்தோம்.
சின்னக் கூடாரம்தான். புகை போக ஒரு துளை.

நார்வே மொழியில் வங்கிக்காரன் கேட்டான்,
கடன் தாளிலிருந்து தலை நிமிராமல்:
"கூடக் கையெழுத்துப் போடுவது அவனா, அவளா?"
சொன்னேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது
என் சித்தப்பா மகள்.

அந்த ஞாயிறு ஜெபக்கூடத்தில்
பிரசங்கி பெயர் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாத பெயரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
முதல் வரிசையில் என் அண்ணன் இஸ்ஸாத்தின் பிடரி
சிவந்துகொண்டே போனது.
அந்தக் குளிர்காலம் என்னிடம் சொல்லாமலே
மந்தையை நகர்த்தினான்.
தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போனேன்,
கால் அங்குலப் பனி விழுந்ததும் அதுவும் இல்லை.

ஒஸ்லோவுக்கு வந்துவிடு என்றார்கள் நண்பர்கள்,
அங்கே இதெல்லாம் ஒன்றுமேயில்லை.
போனேன், ஒரு வாரம்.
நிஜம்தான், என் காதல் யாருக்கும் விசித்திரமாயில்லை.
உடைதான் விசித்திரம்.
வானவில் கொடிக்குக் கீழே ஒருத்தி
என் தோள்துண்டின் குஞ்சத்தை இழுத்துப் பார்த்து
இது நிஜமா, வேஷமா என்றாள்.
அங்கே மான் எதை மேயும்?
நான் எதை மேய்வேன்?

இரண்டு வருஷம் கழித்து, ஜூலையில், தொலைபேசி.
இஸ்ஸாத். வணக்கம் கூட இல்லை.
"திங்கள் கன்றுகளுக்குக் காது வெட்டணும்.
தொஆய் வர்றீங்களா?"

ஒருவருக்கு ஒரு சொல் உண்டு எங்களிடம்.
மூவருக்கும் முந்நூறு பேருக்கும் ஒரு சொல்.
சரியாக இரண்டு பேருக்கு மட்டும்
தனியாய் ஒன்று: தொஆய்.
அவன் தவறிச் சொல்லியிருக்க முடியாது.
ஒட்வெய்தான் அதில் இன்னும் தடுமாறுவாள்,
பன்மையில் பேசி
எங்களை ஓர் ஊராக்கிவிடுவாள்.

நள்ளிரவு வெயில். கொசு. அடைப்புக்குள் வட்டமாய் ஓடும் கன்றுகள்.
சுருக்குக் கயிறு மூன்று முறை காற்றைப் பிடித்தது,
நாலாம் முறை வேலிக்கம்பத்தை.
யாரோ சிரித்தார்கள். இஸ்ஸாத் சிரிக்கவில்லை.
"மணிக்கட்டைத் திருப்பு" என்றான் அவளிடம்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

கதை முடிந்துவிடவில்லை.
என் வீட்டுப் படி அவன் இன்னும் ஏறவில்லை.
அத்தைமார் எனக்காக ஜெபிக்கிறார்கள், சத்தமாக.
தட்டான் செய்து கொடுத்த சதுரப் பொத்தான்கள்
தைக்கப்படாமல் இழுப்பறையில் கிடக்கின்றன,
கத்தரிக்கோல் தேடும்போதெல்லாம் கிலுகிலுக்கும்.

நவம்பரில் ஒரு மாலை,
பனிவண்டியை அணைக்காமலே
வாசலில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனான்.
பிரித்துப் பார்த்தேன்.
மஜ்ஜை எலும்பு. கொஞ்சம் கொழுப்பு.
நாக்கு, இரண்டு.