உள் ஓரம்

சிலாவோஸ் போகும் மலைச்சாலையில்
நானூறு வளைவுகள் என்பார்கள்.
நான் எண்ணியதில்லை.
என் கடை அடிவாரத்தில், சேன் லூயியில்.
மேலே போய் வந்ததெல்லாம்
என்னிடம் வந்துதான் கால் நீட்டும்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி
உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவினால் போதும்.
பிரேக்கை எட்டி மிதிப்பவர்,
கிளம்பும்போதே சீறுகிறவர்,
நடைபாதைக் கல்லில் உரசி நிறுத்துகிறவர்,
எல்லோரும் ரப்பரில்
கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

சினிமாலே ரொட்டிக்கடை வேன் வந்தது.
ஆறு மாதத்தில் இரண்டாம் தடவை, முன்டயர்கள்.
கூடவே ஓட்டுநர்கள் இருவர்,
ஆளுக்கொரு கதவு வழியே இறங்கி
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இவன்தான். ஒரு கார் மட்டும் நுழையும் சுரங்கத்திலிருந்து
தோட்டா மாதிரி வெளியே வருவான்" என்றாள் ழிஸ்லேன்.
"இவள்தான். இறக்கம் முழுக்க
பிரேக்மேலேயே உட்கார்ந்திருப்பாள்.
இரண்டாம் கியர் போடு என்றால்
இஞ்சின் அழுகிறதாம்" என்றான் ழோசியான்.

குனிந்து பார்த்தேன்.
வெளி ஓரம் மொழுக்கென்றிருந்தது.
வலது டயரில் கொஞ்சம் கூடுதல்.
அது வழக்கம்தான்; கீழே ஊருக்குள்
ரவுண்டானாக்கள் எல்லாம் இடஞ்சுழி,
வலது தோள்தான் பாரம் சுமக்கும்.
ழிஸ்லேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்,
தீர்ப்பு வந்துவிட்டதைப்போல.

விரலை உள்பக்கம் விட்டேன்.
உள் ஓரமும் மொழுக்கை.
நடுவில் மட்டும் பள்ளங்கள்
தீக்குச்சித் தலை மூழ்குமளவு ஆழம்.

வளைவில் பாய்கிறவன் வெளி ஓரத்தைத் தின்பான்.
சக்கரம் இறுகப் பிரேக் பிடித்தால்
அங்கங்கே ஒரு கடி விழும்.
இரண்டு ஓரத்தையும் ஒருசேரத் தின்றுவிட்டு
நடுவை மிச்சம் வைப்பது
காற்றுக் குறைச்சல்.

"காற்று யார் பார்ப்பது?"

அன்றைக்கு முதல்முறையாக
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
"முதலாளி."
"தினமும்."
"மத்தியானம், நாங்கள் இறங்கி வந்த உடனே."

கண்முன் வந்து நின்றார் மனிதர்.
மாவு காயாத கை, மானியைப் பிடித்தபடி.
முந்நூறு ரொட்டி சுமந்து
மேகம் வரை ஏறி இறங்கிய டயர்
தொட்டால் சுடும்.
உள்ளே அடைபட்ட காற்று பொருமிப்போய்
இரண்டு புள்ளி ஒன்பது காட்டும்.
கதவோரத்து ஒட்டுத்தாளில் இரண்டரை என்றல்லவா இருக்கிறது!
பதறி ஊசியை அழுத்துவார்.
உஸ்ஸ்ஸ்.
இப்போது சரியாக இரண்டரை.
நிம்மதியாகத் தூங்கப் போவார்.
இரவில் டயரும் ஆறும்.
விடியலில் அது இரண்டு புள்ளி ஒன்று,
தொய்ந்த தோளோடு முதல் வளைவு.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இங்கே பாவம்கூட இல்லை, அக்கறை.
வெயிலில் ஆடிவிட்டு ஓடிவரும் பிள்ளையின்
நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக்
காய்ச்சல் மருந்து ஊற்றுகிற அக்கறை.

பணம் கட்ட அவரே வந்தார்.
"காலையில் அளந்து பாருங்கள்,
வண்டி ஓடுவதற்கு முன்னால்.
சூட்டில் காற்றை இறக்காதீர்கள்" என்றேன்.
"காலை மூன்று மணிக்கு
நான் அடுப்பு முன்னால் நிற்பேன்" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இழுப்பறையில் கிடந்த பழைய மானியை எடுத்து
வேனுக்குள் போட்டேன்.
ரசீதை மடித்தபோதுதான் உறைத்தது,
அந்த ஒரு வாயால்
வருடத்துக்கு நாலு டயர் விற்பனை போச்சு.

ஒன்பது மாதம் கழித்து வந்தார்கள்.
உள் ஓரம் பிழைத்திருந்தது,
விரல் நகம் இறங்கியது.
வெளி ஓரம் தேய்ந்துதான் இருந்தது,
முன்பளவு இல்லை, ஆனாலும்.
இருவரும் சேர்ந்து குனிந்து அதையே பார்த்தார்கள்.
இனி முதலாளியைச் சொல்ல முடியாது.

"இவன்தான்" என்றாள்.
"இவள்தான்" என்றான்.
நான் ஜாக்கியை இறக்கினேன்.