கோட்டுப் பை

டுலூத் நகரில், மூடிப்போன ஒரு கம்பளக் கடையில்,
பதினோரு வருஷத்துக்கு முன்னால்
ஒரே நாளில் என்னை மூன்று விதமாகப் படமெடுத்தார்கள்.
கூலி இருநூற்று நாற்பது டாலர். மதியம் சாண்ட்விச்.
கோட்டு என்னுடையது. பழுப்பு. மேல் பொத்தான் இல்லை.

முதல் தடவை பைக்குள்ளிருந்து போனை எடுத்தேன்.
இரண்டாம் தடவை பர்ஸ்.
மூன்றாம் தடவை நீலம் பூசிய ரப்பர் துப்பாக்கி;
படத்தில் கறுப்பாக்கிக்கொள்வோம் என்றார்கள்.
"கை பைக்குள் போகிறவரை
மூன்றும் ஒன்றுபோலவே இருக்கணும், வெண்டல்" என்றாள்
படமெடுத்த கோல்டி.
அதே முகம். அதே "என்ன ஆபீசர், என்ன ஆச்சு?"
நாடக மன்றத்தில் பாதிரியாராகவும் தபால்காரராகவும்
வந்துபோனவன் நான்.
பதினேழு டேக் வாங்கினாள்.

பிறகு கேள்விப்பட்டேன்:
சுவரளவு திரையில் நான் நிற்பேனாம்.
எதிரே பயிற்சிக்கு வந்த பிள்ளை, கையில் லேசர் துப்பாக்கி.
பின்னால் ஒருவர் விசைப்பலகையில் விரல் வைத்திருப்பார்.
எது வெளியே வரவேண்டுமென்று
அவர்தான் முடிவு செய்வார்,
என் கை பைக்குள் இருக்கும்போதே.
முந்திச் சுட்டால் பெயில்.
பிந்தினால், பிள்ளை செத்துப்போனதாகக்
குறித்துக்கொள்வார்கள்.

குண்டு பட்டு விழுவதையும் எடுத்திருந்தோம்.
விழுவதற்கு மெத்தை போட்டார்கள்.

எத்தனை மாவட்டம், எத்தனை வகுப்பு.
எத்தனை முறை விழுந்திருப்பேன் என்று
இர்மா ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தாள்.
பாதியில் பென்சிலை வைத்துவிட்டு
அடுப்பில் ஏதோ கருகுகிறதென்று எழுந்து போனாள்.
அடுப்பில் ஒன்றுமில்லை.

இந்த பிப்ரவரி. ஏரிக்கரைச் சாலை.
பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள்.
டார்ச் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி
என் முகத்துக்கு வந்து
அங்கேயே நின்றது.
சட்டையில் ஸ்டாங்லண்ட் என்று பெயர்.
மீசை இன்னும் முடிவுக்கு வராத வயசு.
அவன் வலது கை
அவனைக் கேட்காமல் இடுப்புக்குப் போனது.
நான் பார்த்தேன். அவனும் பார்த்தான், தன் கையை.

"உங்களை எங்கேயோ…"
"பார்த்திருப்பீர்கள்" என்றேன்.
ஸ்டியரிங்கின் மேல் பத்து விரலும் விரிந்திருந்தன.
"லைசென்ஸ் கோட்டுப் பையில் இருக்கிறது.
நான் எடுக்கட்டுமா, நீங்களே எடுக்கிறீர்களா?"
அதே கோட்டு.
மேல் பொத்தான் மட்டும் இர்மா தைத்தது, வேறு நிறம்.

அவன் தொப்பியில் பனி சேர்ந்துகொண்டிருந்தது.
உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.
"போன்" என்றான் கடைசியில், மெதுவாக.
"எனக்கு வந்தது போன். நான் சுட்டுவிட்டேன்.
மறுபடி போட்டார்கள். மறுபடியும் போன்தான்.
மறுபடியும் சுட்டேன்."
இதற்கு என்ன சொல்வது?
"மெத்தை போட்டிருந்தார்கள்" என்றேன்.

எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தான்.
கோணல் எழுத்து, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
லைசென்ஸை எடுக்கச் சொல்லவே இல்லை.

வீட்டு வாசலில் சாவிக்காகப் பைக்குள் கைவிட்டேன்.
ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.
சாவிதான். தெரியும்.
எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது.
கையை வெளியே எடுக்காமல்
கதவைக் காலால் தட்டிக்கொண்டு நின்றேன்,
இர்மா வந்து திறக்கும்வரை.