காத்துன்னே எழுதினேன்

தாள் என்று பெரிதாக ஒன்றுமில்லை,
தினசரிக் காலண்டரில் கிழித்தது.
முன்பக்கம் சித்திரை இருபத்தொன்று, மேல்நோக்கு நாள்.
பின்பக்கம் என் மகன் சங்கரபாண்டியின் எழுத்து:
ஏத்தன் வாழை ஆயிரத்து நாற்பது,
தார் ஒன்றுக்கு இருநூற்று எண்பது,
அச்சாரம் ஐயாயிரத்து ஒன்று.
அந்த ஒரு ரூபாயைச்
சேகனா வியாபாரி பைபையாகத் தேடி எடுத்தாராம்.

நான் அப்போது களக்காட்டில், உரக்கடை வரிசையில்.
போனில் கேட்டான்: "எம்மா, முடிச்சிரட்டா?"
"ஆட்டும்" என்றேன்.
பின்னால் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

மூன்றாம் ராத்திரி காற்று.
முட்டுக் கொடுத்த கம்பு, இழுத்துக் கட்டிய கயிறு
எதையும் அது வாசித்துப் பார்க்கவில்லை.
விடிந்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு
ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தது.
ஊர் வாழையெல்லாம் சாய்ந்ததில்
நிற்கிற தாருக்கு நானூற்றைம்பது என்றார்கள்.

நாங்குநேரி வக்கீல் ஞானதுரை
பையன் பிறந்த தேதி கேட்டு விரல் மடக்கினார்.
பதினெட்டுக்கு நாற்பது நாள் குறைவு.
"மைனர் போட்ட ஒப்பந்தம். முறிக்க வேண்டாம்,
அது பிறக்கவே இல்லை.
அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு
வேற ஆளுக்கு வெட்டுங்க."

வரப்பு வரப்பாய் நடந்து
ஆயிரத்து நாற்பதையும் எண்ணியவன்
வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் சொன்ன ஆட்டும்?"

வக்கீல் பேனாவை மூடினார்.
"அப்படின்னா பையன் உங்க ஏஜெண்டு.
ஏஜெண்டுக்கு வயசு கிடையாது. கட்டுப்படுவீங்க.
அதுக்குச் சாட்சி யாரு?"

அந்த மூட்டையை நினைத்துக்கொண்டேன்.
யூரியாவா பொட்டாஷா தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
மேலப்பாளையத்திலிருந்து சேகனா வந்தார்.
விழுந்ததை முதலில் பார்த்தார், நின்றதைப் பிறகு.
"இது யாருக்கு?" என்றேன், விழுந்ததைக் காட்டி.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எழுதலையே."
"எழுதலைதான்."

நின்றது பழைய விலைக்கு என்றேன்.
சங்கரபாண்டி என்னை ஒரு பார்வை பார்த்தான்.

இன்னொரு தாள் கிழித்தோம். இந்தத் தடவை என் கை.
வக்கீல் பாஷையில் தெய்வச் செயலாம்.
நான் காத்துன்னே எழுதினேன்.
காத்துல விழுந்தா ஆளுக்குப் பாதி.
முக்கால் கேட்டார். மாட்டேன் என்றேன்.
வெயில் ஏறும்வரை பேசினோம்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான்
முன்பக்கத்தைத் திருப்பினார்:
கீழ்நோக்கு நாள்.
"இருக்கட்டும்," என்றார்,
"வாழைத்தார் கீழதானே பார்க்கும்."