மூன்றில் ஒன்று

இருநூறு டன் பிரஸ் நின்று இன்று ஒன்பதாவது நாள்.
கப்பலூர் சிட்கோவில், எங்கள் ஷெட்டின் அந்த மூலையில்
ஈ பறக்கிற சத்தம் கேட்கிறது.

செத்தது ஒரு சோலனாய்டு வால்வு.
உள்ளங்கையில் அடங்கும்.
கம்பெனிச் சரக்கு எண்பத்து நாலாயிரம், ஜிஎஸ்டி தனி,
பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார் சென்னை ஏஜென்ட்,
தை மாசத்துக்கு மண்டபம் கேட்டவனிடம் பேசுகிற குரலில்.
முதலாளி ஏசியைக் கூட்டி வைத்தார்.
"நீதானே பர்ச்சேஸ், நாகஜோதி. வாங்கு."

அப்படித்தான் லின் வந்தது.
நிங்போவில் ஒரு கடை, அல்லது ஒரு கடையின் படம்.
ஆணா பெண்ணா தெரியாது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூனை.
அங்கே சீனத்தில் அடிக்க
இங்கே என் போன் தமிழாக்கித் தரும்:
அன்பே, வால்வு இருக்கிறது.
அன்பே, எத்தனை துண்டு?
அன்பே, விலை ஏற்கெனவே அழுகிறது, இனியும் அடிக்காதே.

இரவு பத்தரை. அங்கே ஒரு மணி.
வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"யாரு இந்த அன்பே?" என்றார்.
போனைக் கொடுத்தேன்.
காயில், பிளக், திருகுமரை, ஐந்து படம்.
நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
"இருபத்துநாலு வோல்ட்டான்னு கேட்டியா?" என்றார்.
கேட்கவில்லை.
கேட்டேன்.

ஒன்று ஆறாயிரத்து இருநூறு. இரண்டு போட்டேன்.
தனியே பறக்கவிட வேண்டாம்,
ஹீட்டர் பிளேட்டோடு கப்பலில் ஏற்று என்றார் முதலாளி;
அதுவரை சின்ன பிரஸ்ஸில் மூன்று ஷிப்ட்.

தினமும் காலையில் வரைபடத்தில் கப்பலைப் பார்ப்பேன்.
சிங்கப்பூருக்கு வெளியே நாலு நாள் நின்றது,
மாட்டுத்தாவணிக்குள் நுழைய இடமில்லாத பஸ் போல.
கொழும்பில் வேறு கப்பல் மாறியது.
தூத்துக்குடியில் கிளியரிங் பார்க்கும் ரொசாரியோ பர்னாந்து
போனில் சிரித்தார்:
"இன்வாய்ஸில் வெறும் இயந்திரப் பொருள்னு போட்டிருக்கு மேடம்.
பொருளுக்குப் பொருள் கேக்குறாங்க."
எட்டு இலக்க எண் தேடி அனுப்புவதற்குள்
இரண்டு நாள் வாடகை ஏறிவிட்டது.

பிறகு எட்டயபுரம், அருப்புக்கோட்டை, காரியாபட்டி,
ஒரு டயர் பஞ்சர்,
விடிய நாலு மணிக்கு எங்கள் கேட்டில் ஹாரன்.

ஃபிட்டர் ஒச்சப்பன் பெட்டியை நெம்பினான்.
பிளேட்டுகளுக்கு நடுவே, நுரையில் பொதிந்து, வால்வு.
மூன்று.
மறுபடி எண்ணினோம், மூன்றுதான்.
போனைத் திறந்தால் ராத்திரியே வந்து கிடந்த செய்தி:

அன்பே, மூன்று அனுப்பினேன்.
மூன்றில் ஒன்று சீக்கிரம் இறக்கும்.
எது என்று எனக்கும் தெரியாது.
மன்னிக்கவும். விலை அப்படி.

பதினோரு வருஷமாக பர்ச்சேஸ் பார்க்கிறேன்.
கேட்லாக்கில் பளபளவென்று படுத்திருக்கும் எதுவும்
என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

ஒச்சப்பன் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டினான்,
தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.
சிவப்பு பெயின்டில் ஒன்று, இரண்டு, மூன்று எழுதினான்.
மொத்த ஷிப்ட்டும் பந்தயம் கட்டியது, டீக்குத்தான்.
நான் இரண்டு சாகும் என்றேன். முதலாளி
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் காட்டினார்.

ஒன்றையே முதலில் மாட்டினான்.
பட்டனைத் தொட்டதும் ஒரு 'டிக்'.
பிரஸ் இறங்கியது.
கொஞ்ச நேரத்தில் ஷெட் முழுக்க ரப்பர் வேகும் நாற்றம்,
எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு சந்தோஷமாக நின்றோம்.

'ஓடுகிறது, நன்றி' என்று அடித்தேன்.
அந்தத் திரையில் அது என்னவாகப் போய் விழுந்ததோ.
பதில் உடனே வந்தது:
அன்பே, எண்ணெய் மாற்று.

மாற்றினோம்.

நூற்றுப் பதினோரு நாள் ஆகிறது, ஒன்று சாகவில்லை.
முதலாளி டீக்கடன் தரவேண்டியிருக்கும் என்று
ஒச்சப்பன் தினமும் நினைவுபடுத்துகிறான்.
மற்ற இரண்டும் என் மேஜை டிராயரில்.
பேனா எடுக்க இழுக்கும்போதெல்லாம்
உருண்டு வந்து
ஒன்றையொன்று இடிக்கின்றன.