ஒரே பேனை

ஊசி காலில் ஏறினது எனக்குத் தெரியாது.
கலியாணப் பிளவுசுக்கு வெட்டிவைத்த வெள்ளைத் துணியில்
சிவப்பு அப்பியிருந்ததைக் கண்டுதான்
ஆருக்குக் காயமென்று தேடினேன்.
கடையில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

மிசினை மிதிப்பதே அப்போதெல்லாம்
சத்தத்தை வைத்துத்தான்.
பாதம் இருக்கிறதென்று சத்தம் சொல்லும்.
சீனி வருத்தம் வந்து பதினொரு வருசம்.
குளிசைப் போத்தலைத் தையல் பெட்டிக்குள்,
அறுந்த பொத்தான்களோடு போட்டுவைத்திருந்தேன்.
பொத்தான்தான் அடிக்கடி தேவைப்பட்டது.

பெரியாஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் புண் கட்டினார்கள்.
ஒரு விரல் போகும் என்றார்கள்.
போகவில்லை.
இதைச் சத்தமாய்ச் சொல்ல இன்னும் பயம்.

கொப்பி ஒன்று தந்தார்கள்,
விடியவும் பின்னேரமும் விரலைக் குத்தி எழுதச் சொல்லி.
எழுதினேன்.
கிளினிக்குக்கு முதல்நாள் இரவு,
மாதம் முழுவதையும் ஒரே மூச்சில்:
நூற்றிப்பத்து, நூற்றிப்பதினெட்டு, நூற்றியாறு,
நம்பட்டுமே என்று நடுவில் ஒரு நூற்றிநாற்பது.
அளவெடுத்துப் பிழைக்கிறவளுக்குப்
பொய்க்கும் அளவு தெரியும்.

மிசி யுஸ்தீனா தாள்களைப் புரட்டினா.
ஏசவில்லை.
"முப்பது நாளும் ஒரே பேனை, அக்கா.
ஒருநாளும் துலையவே இல்லையோ?
எங்கட வீட்டில ஒரு பேனை ரெண்டு நாள் நிக்காது."
சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.

வீடு வரும்வரைக்கும் ஓட்டோவுக்குள்
என் வாடிக்கைக்காரர்தான் ஞாபகத்தில் வந்தார்கள்.
இடுப்பில் நாடா பட்டதும் வயிற்றை எக்கி
மூச்சை அடக்கி நிற்பார்கள்.
"மூச்சை விடுங்கோ பிள்ளை,
பிறகு சட்டைக்குள்ள நீங்கள்தானே இருக்கப்போறியள்"
என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு குத்தினேன்.
முன்னூற்றிப் பன்னிரண்டு.
மகன் டெறிக்கின் புத்தகப் பையில் கிடந்த
பல் பட்ட பென்சிலால் எழுதினேன்.

குருநகரிலிருந்து பண்ணைப் பாலம் கிட்டத்தான்.
முதல் கிழமை நாலு விளக்குக் கம்பம்,
நாலாவதைத் தொட்டுவிட்டுத் திரும்பல்.
பிறகு ஏழு.
மழையில் ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
திரும்பவும் நாலு.
சப்பாத்து போடமுதல் உள்ளே கைவிட்டுத் துழாவுவேன்.
கல் கிடந்தால் கால் சொல்லாது,
கைதான் சொல்லவேணும்.
இறால் வலைக்காரர் தண்ணிக்குள் நின்று
இண்டைக்கு எத்தனை கம்பம் என்று கேட்பார்கள்.
அவர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னதுண்டு.
கொப்பிக்குச் சொன்னதில்லை.

சோற்றை விடவில்லை, கோப்பையைச் சின்னனாக்கினேன்.
குரக்கன் பிட்டு தொண்டைக்குள் மணல்போல் இறங்கினது.
மீன் குழம்பு துணைக்கு வந்த நாட்களில் பரவாயில்லை.
ஊசி இப்போது வயிற்றில், நேரத்துக்கு,
நான் பார்த்துக்கொண்டிருக்க ஏறுகிறது.

பெருநாளன்று மூன்று துண்டு தொதல் தின்றேன்.
மூன்றாவதை நின்றபடி,
மச்சாளின் குசினிக் கதவுக்குப் பின்னால்.
இருநூற்றி எழுபத்தொன்பது.
கொப்பியை மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.
நித்திரை வரவில்லை.
எழும்பித் தேடினால் பென்சிலைக் காணவில்லை.
துணிக்குக் கோடு போடும் நீலச் சோக்கால் எழுதினேன்.
அடுத்த பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது.

கிளினிக்கில் மிசி அந்தத் தாளில் நின்றா.
விரலில் நீலம் பட்டது.
"தொதலோ?" என்று கேட்டா.
"மூன்று" என்றேன்.
விரலைத் துடைக்காமலே
அடுத்த திகதியைப் போட்டுத் தந்தா.

இரவில் கைக்கண்ணாடியை நிலத்தில் வைத்து
உள்ளங்காலைப் பார்க்கிறேன்,
முன்பு பொட்டுச் சரிபார்த்த கண்ணாடி.
வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் ஏதும்?
ஒன்றுமில்லையென்றால் லைற்றை அணைக்கலாம்.

நேற்றுக் கோயில் முற்றத்தில் செருப்பைக் கழற்ற
இடது பாதத்தில் மணல் சுட்டதுபோல் இருந்தது.
சுட்டதோ, நினைப்போ.
அதையும் எழுதிவைத்தேன்,
பச்சைப் பேனை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.