பொய் ஜன்னல்

ஹெம்ஸ்டோ குருமனையின் கீழ்த்தளத்தில் ஆறு ஜன்னல்.
ஐந்து கண்ணாடி. ஒன்று சாயம்.
செங்கல்லுக்குக் கறுப்படித்து, மேலே
வெள்ளைச் சட்டம் கோடிழுத்திருக்கிறார்கள்.
சாலையிலிருந்து பார்த்தால் ஜன்னலேதான்.
கிட்டே போனால் சுவர் இளிக்கும்.

ஏணியும் ஈரமானியுமாக நான் போன அன்று
லிங்கன்ஷயர் முழுக்கத் தூறல்.
வாங்கப்போகிறவர்களுக்கு அறிக்கை வேண்டும்:
கூரை எத்தனை வருஷம் தாங்கும், எந்த உத்திரத்தில் புழு.
பொய் ஜன்னலுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஆள் பாதி, ஆடை பாதி.
பின்புறம் வந்தால் ஆள் தெரிவார்:
கோணிப்போன ஓக் சட்டங்கள்,
களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பிய சுவர்,
உருட்டிவிட்ட பென்சில் தானே
வடக்கு மூலைக்குப் போய்ச் சேரும் தரை.
இந்தக் கிழட்டு உடம்புக்கு
1774இல் செங்கல் முகம் மாட்டியவர் ரெக்டர் பார்னபஸ் லிட்ஜெட்.
பத்தில் ஒன்று அவருக்கு வந்துகொண்டிருந்தது,
பத்தாவது கதிர்க்கட்டு, பத்தாவது பன்றிக்குட்டி,
பத்தாவது முட்டை உட்பட.
கதவுக்கு இந்தப் பக்கம் மூன்றென்றால்
அந்தப் பக்கமும் மூன்று வேண்டும் அவருக்கு.
மூன்றாவதின் இடத்தில்
அடுக்களைப் புகைபோக்கி குறுக்கே நின்றது.
அது நகராது. அவரும் நகரமாட்டார்.
வரைந்துவிட்டார்கள்.

அந்தச் செங்கல்லில் முதுகு உயரத்துக்கு
ஒரு மினுமினுப்பு.
தேய்ந்து தேய்ந்து எண்ணெய் ஏறிய பளபளப்பு.
உள்ளே அடுப்பு எரிந்த காலமெல்லாம்
வெளியே இங்கே மட்டும் சூடு இருந்திருக்கும்.
பனியில் முட்டைக் கூடையோடு
முறைக்குக் காத்திருந்தவர்கள் சாய்ந்திருப்பார்கள்,
கூடையில் எத்தனை என்று ரெக்டர் எண்ணி முடிக்கும் வரை.

பிறகு ரெக்டர்களுக்கு வீடு பெரிதாகிப்போனது,
சம்பளம் சின்னதாகிப்போனது.
சாப்பாட்டறையில் ஒரு குளிர்காலம் கோழி வளர்த்ததாகவும்
ஒரு பத்திரத்தில் புகார் இருக்கிறது.

நாற்பத்தொன்றில் ராணுவச் சம்பளக் கணக்குப் பிரிவு வந்தது.
தட்டெழுத்துப் பொறிகளின் கால் பதிந்த குழிகள்
வரவேற்பறைப் பலகையில் இன்னும் உண்டு.
விளக்கு மறைப்புச் சோதனைக்கு வந்த வார்டன்
எல்லா ஜன்னலுக்கும் அபராதம் எழுதினாராம்,
இது ஒன்றைத் தவிர.
நூற்றறுபத்தேழு வருஷம் முன்பே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ஜன்னல்.

நகத்தால் ஒரு செதில் பெயர்த்தேன்.
கறுப்பு, கறுப்பு, ராணுவப் பச்சை, மறுபடி கறுப்பு.
நடுவில், ஒரே ஒரு சதுரத்தில் மட்டும்,
முட்டைக்கரு மஞ்சள்.

பரணில் முதியோர் இல்லத்தின் இரவுப்பணிப் பதிவேடு கிடந்தது.
1983, அக்டோபர்.
“திருமதி ஆல்டித் கிரேக் தோட்டத்திலிருந்து உள்ளே வர மறுக்கிறார்.
விளக்கெரியும் அறையைத் தரச் சொல்கிறார்.”
மறுநாளும் அதே.
அதற்கு அடுத்த நாள் வேறு கையெழுத்தில்:
“அங்கே அறையே இல்லை என்று விளக்கப்பட்டது.”
நவம்பரில் கறுப்புச் சாயம், ஒரு டப்பா, ரசீது.
மஞ்சளுக்கு ரசீது இல்லை.
யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் நேற்றே கேட்டிருந்தார்கள்,
புகைபோக்கி செத்துப்போனதுதானே,
உடைத்து நிஜ ஜன்னல் வைக்க எவ்வளவு ஆகும்?
தொகை போட்டுக் கொடுத்தேன். அதுதான் என் வேலை.
கீழே, மற்றவை என்ற இடத்தில்,
“பொய் ஜன்னல், ஒன்று. நல்ல நிலை” என்று எழுதினேன்.
எழுத முதுகுக்கு ஆதாரம் தேவைப்பட்டது.
செங்கல் ஐஸாக இருந்தது.

லிங்கன் ரயிலில் எதிர் சீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும்,
கோட்டின் பின்பக்கமெல்லாம் கரி.
தட்டிவிட்டேன்.
முழுக்கப் போகவில்லை.