மேல்வரம்பு

பிக்சல் 4417-ஐ
பதினான்கு மாதமாகத் தெரியும் எனக்கு.
ஆண்ட்ரொமீடாவின் அப்பால் பக்கத்தில் அது.
உள்ளே நானூறு நட்சத்திரமாவது
கந்தூரி ரயிலில் நாகூர் போகிற கூட்டமாக
நெருக்கியடித்துக் கிடக்கும்.
ஒன்றின் முகமும் தனியே தெரியாது.

தொலைநோக்கி எங்கோ ஒரு மலையில்.
நான் முத்துப்பேட்டையில், மாடி அறையில்,
தகரத்தில் ஐப்பசி மழை.
அந்த மண்டலம் உச்சிக்கு ஏறுகிற மாதங்களில்தான்
எங்கள் ஊருக்கு வானமே இருப்பதில்லை.
பெண் கேட்டு வருகிறவர்களிடம் வாப்பா
'கம்பெனி வேலை, ராத்திரி ஷிஃப்ட்' என்று
சுருக்கமாக முடித்துக்கொள்கிறார்.

தேடுவது இதுதான்:
ஒளியே இல்லாத ஏதோ ஒன்று
குறுக்கே நடக்கும்.
பின்னாலிருக்கும் நட்சத்திரம் மறையாது,
கூடும்.
சிதறிப்போக இருந்த வெளிச்சத்தை
அந்த எடை வளைத்து
நம் பக்கம் திருப்பிவிடும்.
ஏறிய வேகத்திலேயே இறங்கும்.
சிவப்பிலும் நீலத்திலும் ஒரே மடங்கு.
பிறகு ஒருபோதும் இல்லை.

அந்தக் கடைசி நிபந்தனைதான் ஆளைக் கொல்லும்.
'ஒருபோதும் இல்லை' என்பதை
எத்தனை இரவு பார்த்து முடிப்பது?

4417 போன ஆவணியில் ஏறியது.
நாற்பத்தாறு நாள்.
இருபக்கமும் ஒத்த அழகான மேடு.
நான் யாரிடமும் சொல்லாமல்
இரண்டு நாள் வீட்டில் எல்லோருக்கும் டீ போட்டேன்.

இன்று பத்தரைக்கு சவரிராஜின் மெயில்.
பழைய படங்களைத் தோண்டுவது அவன் வேலை.
'சபூரா, ஒன்பது வருடம் முன்னால்
இதே இடம், இதே மேடு.
சிவப்பு கொஞ்சம் தூக்கல். ஸாரி.'

ஆக, குறுக்கே யாரும் போகவில்லை.
தானாகவே மூச்சு வாங்கிய
ஒரு கிழட்டு நட்சத்திரம், அவ்வளவுதான்.

அப்போதுதான் கரண்ட் போனது.

மழை விட்டிருந்தது.
வீட்டுக்குப் பின்னால் இறால் குட்டை,
காற்றாடிச் சக்கரங்கள் நின்ற அமைதி.
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்து
யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார் பக்கிரிசாமி.
நாலாவது இழுப்பில் பிடித்தது.
அப்புறம் வரப்பில் குந்தி
தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.
போட்டதில் பாதி அப்படியே.

'மூணு லட்சம் குஞ்சு விட்டது.
தின்னுருக்குறதப் பாத்தா
ஒன்னேகாலுக்கு மேல இருக்காது.'

கலங்கல் தண்ணீர். ஓர் இறாலையும்
நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.
'மேல இருக்காது' என்றாரே,
என் கட்டுரையின் கடைசி வரியும் அதே ஜாதிதான்:
அந்த மண்டலத்தைச் சுற்றியிருக்கும் இருட்டில்
இந்த மாதிரி உருண்டைகள்
நூறில் இருபதுக்கு மேல் இருக்காது.
மீதி எண்பது என்ன?
தெரியாது என்பதற்கு இத்தனை தசம ஸ்தானம்.

வடக்கே மேகம் ஒரு பாய் அகலம் விலகியது.
பதினான்கு மாதத்தில் முதல்முறையாக
வெறும் கண்ணால் தேடினேன்.
நேராகப் பார்த்தால் இருக்காது.
பக்கத்து நட்சத்திரத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தால்
ஓரக்கண்ணில் வந்து நிற்கும்,
கண்ணாடியில் பட்ட மூச்சு மாதிரி.

நின்றது.

'என்ன தேடுற பாப்பா?'
'அந்தா, மங்கலா ஒரு திட்டு.'
உதவுவதாக நினைத்து
டார்ச்சை மேலே அடித்தார்.
எனக்கு எல்லாம் போயிற்று,
கண்ணுக்குள் பச்சை வட்டம் மட்டும்.

திட்டவில்லை.
அந்த வெளிச்சம் கிளம்பிவிட்டது.
இருபத்தைந்து லட்சம் வருடம் போக வேண்டும்.
வழியில் எதையாவது உரசினால்
கொஞ்சம் வளையும்.

மாடிக்குப் போய்
4418-ஐத் திறந்தேன்.